இருபது டிகிரி விரதம்

தெருவில் சாணை பிடிக்கிறவர் பெடலை மிதித்தால் பொறி பறக்கும். பார்க்க அழகுதான், கத்திக்குத்தான் ஆகாது. தண்ணீர் காட்டாத சக்கரத்தில் வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. இந்த ஞானம் தலைக்கேறிய சூட்டில் லான்ஸ்கி என்ற கத்தி தீட்டும் பெட்டியை வாங்கினேன்.

கத்தியைக் கவ்வ ஒரு கிளாம்ப். அதன் இரு காதுகளிலும் 17, 20, 25, 30 என்று டிகிரிவாரியாகத் துளைகள். கல்லில் கோத்த கம்பி துளைக்குள் போய்வரும். கை நடுங்கினாலும் கோணம் நடுங்காது என்பது ஏற்பாடு. ஆனால் துளைக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழை சந்து இருக்கிறது. கல்லை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டே இழுக்காவிட்டால் கம்பி மேலும் கீழும் தாவும். நேரான வாய்வரை கவலையில்லை. நுனிப் பக்கம் வளையத் தொடங்கியதும் கோணம் நழுவும். கத்தியைக் கழற்றி மாட்டினால் பழைய இடத்தில் உட்காராது. அதற்காகக் கிளாம்ப் கவ்வும் இடத்தைக் கத்தி முதுகில் டேப் ஒட்டிக் குறித்துவைத்தேன்.

“கத்தி நம்மளைக் கிழிச்சாத்தானேடா பிளாஸ்திரி போடுவோம்?” என்றார் அம்மா.

சரியாகத்தான் தீட்டுகிறோமா என்று பார்க்க வாயோரம் கறுப்பு மார்க்கரைப் பூசி இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். மை, வாய்ச்சரிவு தொடங்கும் தோளில் மட்டும் அழிந்தால் கோணம் குறைச்சல். விளிம்பில் மட்டும் அழிந்தால் அதிகம். அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் வெள்ளிக்கோடு எழும்பியது பாருங்கள், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு, மறுபக்கம் பிசிறு விரலில் தட்டுப்படும்வரை பக்கம் மாற்றக்கூடாது.

அதோடு நின்றிருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கினேன். 19.8 காட்டியது. மீதி 0.2 ராத்தூக்கத்தைக் கெடுத்தது. இத்தனைக்கும் 17ஆ 20ஆ என்பதில் வெங்காயத்துக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. எடுத்துக்கொண்ட எண் ஒவ்வொரு இழுப்பிலும் அதே எண்ணாக இருந்தால் சரி.

கூர் பார்க்கும் சடங்கு தனி. அப்பா கைக்குப் போகுமுன்பே பேப்பர் தோரணமாகிவிடும். அடுத்தது முன்கை ரோமம். ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா என் மொழுமொழு இடக்கையைப் பார்த்துவிட்டு இலையைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். “எந்த டாக்டர்கிட்ட காட்டறே?” என்று காதில் கேட்டார். டிகிரி கணக்கை விளக்கினேன். “அப்போ தலைக்குத்தான் காட்டணும்” என்றார்.

போன வாரம் அம்மா அரிவாள்மனையைத் தூக்கிவந்தார். “இதையும் அதுல மாட்டேன்.”

“கிளாம்ப்ல நிக்காதும்மா. முழுக்க வளைவு, இடத்துக்கு இடம் டிகிரி மாறும்.”

“மாறிட்டுப் போகட்டும். இதை நீ தொடாதே” என்று அதன்மேல் உட்கார்ந்து கீரைக்கட்டைப் பிரித்தார்.