நடுவில் ஒரு கணினி

2007. எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கிவிட்டேன். இணையம்தான் அதற்குக் கிடைக்கவில்லை. உள்ளே வைஃபை கிடையாது. அடாப்டரைத் தனியாக விற்றார்கள். கன்சோல் வாங்கியவன் கையில் அதற்கு ஏது காசு? பின்பக்கம் ஒரு லேன் ஓட்டை மட்டும் இருந்தது. வீட்டு பிராட்பேண்டோ கணினியோடு நின்றுவிடும். ஆக, கணினியிடம் கைமாற்று வாங்கித்தான் கன்சோல் பிழைக்க வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டாவது லேன் கார்டும் பத்து மீட்டர் கிராஸ் கேபிளும் வாங்கினேன். கடைப்பையன் எட்டுக் கம்பிகளையும் நகத்தால் நீவி, ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் மறுமுனையில் பச்சையையும் முதலில் வைத்துக் குத்தினான். "இது பேசுறது அதுக்குக் கேக்கணுமில்ல சார்!"

எக்ஸ்பியில் இணைப்பைப் பகிரும் கட்டத்தில் டிக் அடித்ததும் கணினி தனக்கு 192.168.0.1 என்று பட்டம் சூட்டிக்கொண்டது. ஆனாலும் கன்சோலின் சோதனைத் திரை 'நாட்: ஸ்ட்ரிக்ட்' என்று முறைத்தது. 3074 போர்ட்டைத் திறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது.

முதல் ஆட்டம். ஜெயிக்கப் போகிறேன். திடீரென்று எல்லாம் நின்றது. உள்ளறையிலிருந்து அம்மா வந்தாள்.

"யாருமே உக்காரலையேடா. கரண்டு வீணாப் போகுதேன்னு கம்ப்யூட்டரை அணைச்சேன்."

போன மாதம் அக்கா மகன் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டான். அங்கே வைஃபை இருக்கிறது. ஆனால் பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. அவன் கன்சோலில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. எனக்குள் உறங்கிய நிபுணன் எழுந்து உட்கார்ந்தான்.

"முதல்ல ஒரு கிராஸ் கேபிள் வாங்கு..."

"கேபிளா? லேப்டாப்ல ஹாட்ஸ்பாட் போட்டுட்டேன் மாமா. ஒரே பட்டன். ஆனா அடிக்கடி கட் ஆகுது."

"லேப்டாப் என்ன அட்ரஸ் காட்டுது?"

"192.168.137.1."

எண்தான் மாறியிருக்கிறது, தரகு வேலை அதேதான். உற்சாகமாகி நாட், போர்ட், டிரைவர் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாக உம் கொட்டினான்.

மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா. ரூம்மேட்தான். யாருமே யூஸ் பண்ணலையேன்னு லேப்டாப்பை மூடி வெச்சிடறான்."