மேட்சிங் சென்டரின் ஈர்ப்பு விசை: மதுரையை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

விடுமுறைக்கு மதுரை வரும் குடும்பத்தின் பயணத் திட்டத்தில் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், ஜிகர்தண்டா என நான்கு இனங்கள் இருக்கும். வந்தவர்களில் தையல் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், திட்டத்தில் எழுதப்படாத ஐந்தாம் இனம் ஒன்றும் உண்டு: ஃபால்ஸ், நூல், துணி எல்லாம் நிறம் பொருத்தி விற்கும் மேட்சிங் சென்டர். மற்ற நான்கின் நேரத்தையும் அதுவே தின்றுவிடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இந்த விசைக்கு முதலில் இடம் ஒதுக்கியவர், தாம் அறியாமலேயே, திருமலை நாயக்கர். 17ஆம் நூற்றாண்டில் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்காக அவர் கட்டிய புதுமண்டபத்தில், பிற்காலத்தில் தையல்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுப் பயணி பழைய சட்டையைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் அதே அச்சில் இன்னொன்று தயார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர்மீது தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கான உடைகள் தூண்தோறும் தொங்கும். சிற்பம் பார்க்கும் கணவரும் சரிகை பார்க்கும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் நின்றதால் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று அனுமதி கேட்கும் தேவையே எழவில்லை. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாறிவிட்டன. வரலாற்றாசிரியர்களுக்கு மகிழ்ச்சிதான். நமக்கோ, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்த்த வசதி போயிற்று.

இனி நிறச் சிக்கல். புடவை ஊரில் பீரோவுக்குள் இருக்கும். அதற்கு ஃபால்ஸ் வாங்குபவர் மதுரையில் இருப்பார். ஆகவே நிறத்தை நினைவிலிருந்து சொல்ல வேண்டும்.

"என்ன கலர்க்கா?"

"மயில் கழுத்து. ஆனா கொஞ்சம் ஆனந்தா ப்ளூ பக்கம்."

கடைக்காரத் தம்பி கண்ணிமைக்காமல் ஏழெட்டு எடுத்துப் போடுவார். எந்தப் பல்கலைக்கழகமும் இந்தத் திறனுக்குப் பட்டம் தருவதில்லை, தர வேண்டும். அடுத்து ட்யூப்லைட்மீது சந்தேகம் எழும். "வெளிச்சத்துல பார்த்துடறேன்" என்று துணி வாசலுக்குப் போகும். வெயிலில் அது மூன்றாவது நிறம் ஒன்றைக் காட்டும். விவாதம் முதலிலிருந்து தொடங்கும்.

எண் போட்டுவிட்டால் தீருமே என்பார்கள். 1746இல், இன்று பிரான்சில் இருக்கும் முலூஸ் நகரில் தொடங்கிய டிஎம்சி நிறுவனம் அப்படித்தான் செய்தது: எம்பிராய்டரி நூலில் 500 நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உலகின் எந்தக் கடையிலும் 310 என்றால் கறுப்பு. ஆனால் பக்கத்து அலமாரியின் ஆங்கர் நூலில் கறுப்புக்கு எண் 403. கறுப்பிலேயே இரண்டு கட்சி இருக்கும்போது வெங்காயத்தோல் நிறத்தின் கதியை வாசகரே ஊகிக்கலாம்.

கால அளவைக்கு வருவோம். இக்கடைகளில் வழங்கும் அலகு "அஞ்சே நிமிஷம்". இதைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டவர்கள் எல்லாரும் வாசலில் பை சுமந்து நின்றவர்கள் என்பதால் அவர்கள் சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது. ஒன்று மட்டும் உறுதி: கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டு "உக்காருங்க சார்" என்றுவிட்டால், அன்றைக்கு மகால் இல்லை.

"இதெல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்குமே" என்ற மறுப்பையும் பார்க்க வேண்டும். ஹூக்கும் ஊசியும் கிடைக்கும், உண்மை. சுங்குடி? சௌராஷ்டிர மக்கள் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அந்தத் துணியில் ஒரு புள்ளிபோல் மறுபுள்ளி இருக்காது. 2005இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தவிரவும், ஊரில் கடைக்குப் போனால் ஆறு மணிக்கு இட்லி மாவு நினைவுக்கு வரும், மதுரையில் வராது. மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது.

பை சுமப்போருக்கு இவ்வாய்வு தரும் பரிந்துரை ஒன்றே: புறப்படும் முன் புடவை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தாளில் மடித்து, உங்கள் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மகாலை மறுநாள் காலைக்கு மாற்றிவிடுங்கள்.