கேரம் மன்றப் பதவியியல்

கேரம் மன்றம் என்பது ஒரு போர்டும், அதன்மேல் தாழத் தொங்கும் ஒரு விளக்கும், நான்கு பேர் உட்காரும் இருக்கைகளும், அந்த நால்வருக்கும் இடைவிடாமல் ஆலோசனை வழங்கிக்கொண்டு சுற்றி நிற்கும் பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்த அமைப்பாகும். வடசென்னையில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்ட்ரைக்கர் சத்தமே வழிகாட்டும். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதும் சென்னையில்தான். உலகப் பட்டத்தை இருமுறை வென்று 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் இந்நகரத்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். ஆட்டக்காரர்களின் வரலாறு இவ்வாறு ஓரளவு பதிவாகியிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குப் பவுடர் வாங்கிவைத்தவர்களைப் பற்றி அறிஞருலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அவர்கள் எவ்வாறு உண்டாகிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மன்றத்துக்குப் பதவிகள் எதற்கு என்பது முதற்கேள்வி. ஆட்டத்துக்கு அவை தேவையில்லை. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு ஸ்ட்ரைக்கர் ஆகிய இவற்றுள் எதுவும் செயலாளரின் கையொப்பத்தை எதிர்பார்ப்பதில்லை. பதவி முளைப்பது முதல் கரண்ட் பில் வரும் நாளில்தான். அதன்பின் வாடகை, அதன்பின் மழைக்காலத்தில் ஈரம் ஏறி நடுவில் உப்பிக்கொள்ளும் போர்டு, அதன்பின் யாருடைய பணத்தில் புதுப் போர்டு என்ற வழக்கு. மன்றத்தைப் பதிவு செய்வது என்று முடிவானால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் குறுக்கே வரும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். சட்டம் கேட்டது மூவரைத்தான். மன்றங்களோ தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், கௌரவத் தலைவர், சட்ட ஆலோசகர் என்று பெருக்கிக்கொண்டே போய், வெறும் உறுப்பினர் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சாத நிலையை எட்டிவிடுகின்றன. இத்தனை பேரில் வேலை செய்பவர் ஒருவர் என்பது எல்லா மன்றங்களுக்கும் பொதுவான இயல்பு.

தமிழகத்தில் ஆள் தேர்வுக்கு நீண்ட மரபு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (பொ.ஆ. 919, 921) வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரித்துரைக்கின்றன. பிந்திய கல்வெட்டின்படி வேட்பாளர் 35 வயதுக்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் பதவி வகித்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அறவே விலக்கு. பதவிக்குப் பலர் முண்டியடிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை இவ்விதிகள். கேரம் மன்றத்தில் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே கடந்த மூன்றாண்டு பதவி வகித்ததுதான் அடுத்த மூன்றாண்டுக்கான ஒரே தகுதி. கணக்குக் காட்டாதவருக்கு விலக்கு என்ற விதியைக் கொண்டுவந்தால் பொருளாளர்கள் முதல் மாதமே கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டு, உறவினரையும் காப்பாற்றிய நிம்மதியோடு ஆடப் போய்விடுவார்கள்.

பதவி ஏற்றல் மூவகைப்படும். தானே ஏற்றல், ஏற்கவைக்கப்படல், இல்லாதபோது ஏற்றப்படல் என்பன அவை.

தானே ஏற்றல் அரிது. கேட்காமலே கை தூக்குபவரை மன்றம் ஐயத்தோடு நோக்கும். உள்ளாட்சித் தேர்தல் நெருங்குகிறதா என்பது முதல் ஐயம். இவர் ஏதாவது சீட்டு நடத்துகிறாரா என்பது இரண்டாவது. இரண்டும் இல்லை, உண்மையிலேயே ஆர்வம்தான் என்று தெரியவந்தால் கூட்டம் இரக்கத்தோடு ஒப்புதல் அளிக்கும்.

இல்லாதபோது ஏற்றப்படல் எளியது, செலவற்றது. பொதுக்குழு அன்று ஊரில் இல்லாதவர், இரவுப் பணியில் இருந்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராதவர் ஆகியோர் இதற்கு உரியவர். முன்மொழிதல், வழிமொழிதல், கைதட்டல் மூன்றும் அரை நிமிடத்தில் முடியும். மறுநாள் டீக்கடையில் செய்தி அவரைச் சேரும். பொதுக்குழுவுக்கு ஆள் சேர்வதில்லை என்று வருந்தும் மன்றங்கள் இம்முறையை இருமுறை கையாண்டால் போதும். மூன்றாம் ஆண்டு நிற்க இடம் இருக்காது.

ஏற்கவைக்கப்படல்தான் பெருவழக்கு. இது ஓர் உரையாடலாக நிகழும். அதன் வரிசை மன்றத்துக்கு மன்றம் அதிகம் மாறுவதில்லை. “எனக்கு இந்த வருஷம் முடியாதுப்பா” என்பது தொடக்கம். “உங்களை விட்டா வேற யாரு இருக்காண்ணா?” என்பது மறுமொழி. “பசங்க யாராச்சும் பண்ணுங்களேன்” என்று அவர் பந்தைத் திருப்பும்போது பசங்க அனைவரும் போர்டில் கிடக்கும் ஒரு காயினை ஆழ்ந்து நோக்குவர். பிறகு “நாங்க கூட இருக்கோம்ல” என்ற வாக்குறுதி வரும். இவ்வாக்குறுதி சட்டப்படி செல்லத்தக்கதன்று. சொன்னவர்கள் உண்மையில் கூடவே இருப்பார்கள்; ஆனால் போர்டைச் சுற்றி. இறுதியில் “சரி, இந்த ஒரு வருஷம் மட்டும்” என்பார் அவர். தீர்மானப் புத்தகத்தில் இந்த நிபந்தனை ஒருபோதும் ஏறுவதில்லை.

இனி, எல்லாரையும் விட்டு அவரை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நிர்வாகத் திறன் உள்ளவரைத்தான் கேட்கிறார்கள் என்பது பொதுக்கருத்து. இது பிழை. காரணம் மன்றத்தின் எழுதப்படாத விதி ஒன்றில் இருக்கிறது. தோற்றவர் எழுந்திருக்க வேண்டும், வென்றவர் உட்கார்ந்தே இருக்கலாம் என்பது அவ்விதி. நன்றாக ஆடுபவர் ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குத்தான் எழுவார். சுமாராக ஆடுபவர் கால் மணியில் எழுந்து, அடுத்த முறை வரும்வரை சுவரோரம் நிற்பார். நோட்டு தொங்குவது அந்தச் சுவரில்தான். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று அதில் எழுதிவைப்பவர் அவரே. போரிக் பவுடர் தீர்ந்தால் “சும்மாதானே நிக்கறே, வாங்கிட்டு வந்துடேன்” என்ற ஏவல் அவருக்கே. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் வந்து நின்றால் கை ஓய்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். கடைசி ஆட்டம் முடியும்வரை காத்திருந்து பூட்டுபவராகையால் சாவியும் அவரிடம் தங்கிவிடும். ஆறு மாதத்தில் மன்றத்தின் எல்லா வேலையும் அவருக்குத் தெரிந்திருக்கும். வேறு எவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பொதுக்குழு நடத்துவது பெயர் சூட்டும் சடங்கு மட்டுமே.

பதவி வந்தபின் இப்போக்கு வலுக்கிறது. ஆடும் நேரம் குறைகிறது, நேரம் குறைய ஆட்டம் கெடுகிறது, ஆட்டம் கெடக் கெடச் சுவரோரத்தில் நிற்கும் நேரம் கூடுகிறது. ரெட் போட்டுவிட்டு ஃபாலோவுக்குக் குறிபார்க்கும் அதே கணத்தில் “சந்தா ரசீது வேணும்ணா” என்று ஒருவர் தோளைத் தட்டுவதும் இதற்குத் துணைபுரிகிறது. நல்ல ஆட்டக்காரரைச் செயலாளராக்கிப் பார்த்த மன்றங்களும் உண்டு. அவர் எழுவதில்லை என்பதால் அங்கே பவுடர் வருவதில்லை. ஆகவே கேரம் மன்றம் தோற்பவர்களால் ஆளப்படுகிறது என்பதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. வேறு எவ்வகையாலும் அது ஓராண்டு தாண்டாது.

தலைவர் பதவிக்கு இந்த விதி பொருந்தாது. தலைவர் ஆடமாட்டார், கோப்பை கொடுப்பார். பகுதியில் ஓட்டலோ மரக்கடையோ வைத்திருப்பவர் ஒருவர் ஆண்டு விழாவுக்கு ஷீல்டுகள் வாங்கித்தர ஒப்புக்கொண்ட அன்றே தலைவராகிவிடுகிறார். இருவர் ஒப்புக்கொண்டால் ஒருவர் கௌரவத் தலைவர். அதிகாரத்தின் உண்மையான படிநிலையை அறிய விரும்புவோர் சட்டவிதிகளைப் புரட்ட வேண்டாம், டோர்னமென்ட் ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்தால் போதும். தலைவரின் படம் ஆளுயரம் இருக்கும். துணைத் தலைவர்கள் மார்பளவு. செயலாளரின் பெயர் கீழே கைபேசி எண்ணோடு, படமில்லாமல்.

டோர்னமென்ட் என்பது இந்த எண்ணுக்கு அழைப்பு வரும் காலம். என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு, சாப்பாடு உண்டா, என் பெயரை நேற்று வென்றவனுக்கு எதிரில் ஏன் போட்டீர்கள் என்று கேள்விகள் பலவகை. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. தன் ஸ்ட்ரைக்கரை எடைபோடச் சொல்வது தன் நாணயத்தைச் சந்தேகிப்பது என்று எடுத்துக்கொள்வோர் பலர். நடுவர் பொறுப்பு இதனினும் கடுமையானது. ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு வரை நீளும். அவ்வளவு நேரமும் ஒருவரின் விரலையும் முழங்கையையும் உற்றுப்பார்த்து, ஃபவுல் என்று சொல்லி, இருபதாண்டு நட்பை இழக்க ஒருவர் முன்வர வேண்டும். முன்வருபவர் பெரும்பாலும் முதல் சுற்றில் வெளியேறியவர். சில நேரங்களில் அவரை வெளியேற்றியவரின் அடுத்த ஆட்டத்துக்கே நடுவராக அமர்ந்துவிடுவதும் உண்டு. இதன் நன்மை தீமைகளை இங்கு விரிக்க இடமில்லை.

பொருளாளரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரவு எப்போதும் செலவைவிடக் குறைவாக இருப்பதால் அவரை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. விடுபட்ட தொகை அவருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்பதை ஆண்டறிக்கை “இதர வரவு” என்று குறிக்கும். 2018-இல் வெளியான ‘வடசென்னை’ படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரனாக இருந்தது பொருத்தமே. கேரம் மன்றப் பொருளாளரை நாயகனாக்க எந்தத் தயாரிப்பாளரும் பணம் போடமாட்டார்.

எஞ்சியிருப்பது பதவி நீங்கும் முறை. குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்று சட்டம் வரையறுக்கிறது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடை இல்லை என்பதால் இவ்வரையறை யாரையும் காப்பாற்றியதில்லை. ராஜினாமாக் கடிதம் பயன் தராது, ஏனெனில் உள்ளே வரும் கடிதங்களைப் பெற்றுக் கோப்பில் இடவேண்டியவர் செயலாளரே. கோபித்துக்கொண்டு வராமல் இருப்பது ஒரு வாரம் பலிக்கும். சாவி அவரிடம் இருப்பதால் எட்டாம் நாள் எல்லாரும் வீட்டு வாசலில் நிற்பார்கள். நிலைத்த பலன் தருவது வீடு மாற்றுவது ஒன்றே, அதுவும் தாம்பரத்துக்கு அப்பால். அவ்வாறு போனவர்களுக்கும் பழைய நோட்டீஸ்களில் அச்சான எண்ணுக்கு அழைப்பு வருவது நின்றுவிடுவதில்லை. பெரும்பாலோர் “நான் இப்போ அங்க இல்லீங்க” என்று தொடங்கி, டபுள்ஸுக்கு என்ட்ரி எவ்வளவு, ரிப்போர்ட்டிங் எத்தனை மணிக்கு என்பது வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் வைக்கிறார்கள்.