பன்னெண்டு ஆளும் நாலு மூட்டையும்

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. சென்னை பஸ்ஸுல வந்து இடுப்பு ஒடிஞ்சிருக்கும், ஆனா வாய் ஓயலையே! வந்ததும் வராததுமா, "சர்வருக்கு 256 ஜிபி ராம் நாலு வாங்க எழுதிக் குடுத்துட்டேன் தாத்தா, மொத்தம் ஒரு டெராபைட்டு"ங்கறே. கச்சிராயபாளையமே கேட்டுச்சு.

கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. உன் சித்தப்பன் மவளுக்கு பெங்களூர்ல இதே உத்தியோகம். லீவுக்கு வந்தா இந்தத் திண்ணையிலதான் டவர் கிடைக்கும். ராம் விக்கிறவங்கிட்ட போன்லயே சண்டை போடுவா. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு.

உன் மிஷின்ல ஏஎம்டி எபிக் 9004 புராசஸர்னே. அதுக்கு மெமரி சேனல் 12 இருக்குதாமே, நீ நாலை மட்டும் சொருகுனா? மரவள்ளி பிடுங்க 12 ஆளைக் கூட்டியாந்து, நாலு பேர் தலையில கழுத்து முறியற மூட்டையை ஏத்திட்டு, எட்டுப் பேரைப் புளியமரத்தடியில வெத்தலை போட உக்கார வெச்ச கதைதான். கூலி மட்டும் 12 பேருக்கும். 96 ஜிபியா 12 போட்டிருந்தா 1152 ஜிபி. உன் டெராபைட்டுக்கு மேல 128 கூடவே வருது, ஒரு சேனலும் சும்மா கெடக்காது.

256ன்னா சிப்பு மேல சிப்பு அடுக்கி, ஊடால துளை போட்டு இணைச்ச சரக்கு. ஜிபிக்கு இத்தனைன்னு கணக்குப் போட்டா சின்னதை விட எகிறத்தான் செய்யும். எஸ்ஏபி ஹானா மாதிரி மொத்த டேட்டாபேஸையும் ராம்லயே வெச்சு ஓட்டறியா, எல்லா இடமும் நெறஞ்சும் பத்தலையா, அப்பக் குடு அந்த விலையை. உன் கம்பெனியில ஓடறது சம்பளப் பட்டியல்தானே?

சேனலுக்கு ரெண்டாப் போட்டாலும் வேகம் எறங்கும். இன்டெல் நாலாந்தலைமுறை ஜியான்ல ஒண்ணு போட்டா 4800, ரெண்டு போட்டா 4400. ஆர்டிம், எல்ஆர்டிம்னு சர்வர் ராம்ல வகை இருக்கு, அதுங்களை ஒரே மிஷின்ல கலக்கவும் கூடாது.

ஈசிசி இல்லாத ஊட்டுக் கம்ப்யூட்டர் ராம் மலிவுன்னு வேற ஆரம்பிச்சே. கூகுள் மிஷின்களை ஆராஞ்சு 2009ல ஒரு கட்டுரை வந்துச்சாம். வருஷத்துல நூத்துக்கு எட்டு ராமுக்கு மேல ஒரு தடவையாவது தப்பு பண்ணியிருக்கு. நம்ம பக்கத்தையே பாரு, கல்வராயன் மலையில ஜாகீர் ஒழிஞ்சதே 1976ல. அதுக்கப்புறம் பட்டாவுக்கு அலைஞ்ச சனம் எத்தனை! அந்த நெலத்தோட சிட்டா ஏறுற சர்வர்ல ஒரே ஒரு பிட்டு புரண்டா 1 ஏக்கர் 3 ஏக்கராயிடும். பக்கத்துக் கொல்லைக்காரன் அருவா எடுத்துட்டு வருவான். ஈசிசி இருந்தா ஒரு பிட்டு தப்பைத் திருத்திடும், ரெண்டு புரண்டா சொல்லிடும்.

"டிடிஆர்5க்குள்ளயே ஈசிசி இருக்கு"ன்னு கடைக்காரன் தலையைத் தடவுவான். அது சிப்புக்குள்ள நடக்கற தப்புக்கு மட்டும். சிப்பை விட்டு வெளியே வந்து புராசஸருக்குப் போற வழியில கெட்டுச்சுன்னா அது பொறுப்பில்ல.

சரி, மோர் குடிச்சிட்டு ஆபீசுக்குப் போனைப் போட்டு அந்த ஆர்டரை நிறுத்து. யார் சொன்னாங்கன்னு மேனேஜர் கேட்டா என் பேரை எடுத்துடாதே. அப்புறம் அவரும் சந்தேகம் கேக்க இந்தத் திண்ணைக்கே வந்துடுவாரு. மோருக்கு நான் எங்க போறது?