ராஜா விழுந்ததும் கணக்கில் வரும்

வரலாற்று ஆசிரியை, கும்பகோணம்: சீனா, ஜப்பான் பாடம் புத்தகத்தில் நாலே பக்கம்தான் இருக்கிறது. இணையத்தில் எங்கே போய்த் தேடுவது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ‘ஏஷியா ஃபார் எஜுகேட்டர்ஸ்’ தளத்துக்குப் போங்கள். காசு கிடையாது. மூல ஆவணத்திலிருந்து ஒரு துண்டைக் கொடுத்து, அதை வைத்துப் பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம் என்றும் சொல்வார்கள். வீடியோவைப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் ஓய்வெடுக்கும் ஆசிரியர்களுக்கு இது சரிப்படாது.

பட்டதாரி ஆசிரியர், தென்காசி: படம் காட்டினால்தான் என் வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது.

எம்.ஐ.டி.யின் ‘விஷுவலைசிங் கல்ச்சர்ஸ்’ உங்களுக்காகவே இருக்கிறது. 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து ஜப்பானின் கதவைத் தட்டினார். அமெரிக்கர் வரைந்த பெர்ரி கம்பீரமான கனவான். ஜப்பானியர் சிலர் வரைந்த பெர்ரி, மூக்கு நீண்ட பூதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள், பாதிப் பாடம் முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. 1894-95 சீன-ஜப்பான் போர் பற்றிய ஜப்பானியப் பிரசாரப் படங்களும் அங்கே உண்டு. சீனக் கைதிகளின் தலையை வெட்டும் படம் ஒன்று 2006-ல் சீன மாணவர்களைக் கொதிக்க வைத்தது, பக்கத்தையே சில நாள் எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. யார், யாருக்காக வரைந்தது என்று சொல்லாமல் எந்தப் படத்தையும் திரையில் போடாதீர்கள்.

கல்லூரி மாணவி, மதுரை: கே-டிராமா பார்த்தே கொரிய வரலாறு படித்துவிடலாமே?

தொப்பி வகைகளைப் படிக்கலாம். வரலாறு வேண்டுமானால் ஜோசன் வம்சத்தின் அரச நாட்குறிப்புகள் முழுவதும் கொரிய அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 25 மன்னர்கள், 472 ஆண்டுகள்! மன்னர் இறந்த பிறகுதான் தொகுப்பார்கள். ஆளும் மன்னர் எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. 1404-ல் தேஜொங் மன்னர் மான் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் இடம் வலம் பார்த்து, இது குறிப்பாளருக்குத் தெரியக் கூடாது என்றார். விழுந்ததும் பதிவாயிற்று, தெரியக் கூடாது என்றதும் பதிவாயிற்று. மூலம் செம்மொழிச் சீனம், கூடவே கொரிய மொழிபெயர்ப்பு. கூகுள் உதவியோடு மேயலாம், ஆனால் அது பெயர்களைப் படுகொலை செய்யும்.

வாசகர், காஞ்சிபுரம்: போதிதர்மர் எங்கள் ஊர்க்காரர்தானே? குங்ஃபூவும் அவர் கொடுத்ததுதானே?

‘7ஆம் அறிவு’ பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். 547 வாக்கில் லோயாங் நகரக் கோயில்களைப் பற்றி எழுதிய யாங் ஷுவான்ஸி அவரைப் பாரசீகர் என்கிறார். அதே நூற்றாண்டின் தான்லின், தென்னிந்திய மன்னரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி என்ற பெயரை இருவருமே சொல்லவில்லை. குங்ஃபூவோடு அவரை முடிச்சுப் போடும் நூல் 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உங்களை வருத்த எனக்கும் மனமில்லை. இரண்டு சாட்சிகளையும் மாணவர்களிடம் கொடுத்து வாதாட விடுங்கள், அந்த வகுப்பில் யாரும் தூங்க மாட்டார்கள்.

அதே வாசகர்: அப்போ நமக்கும் சீனாவுக்கும் ஒன்றுமே இல்லையா?

ஏன் இல்லை? குவான்சோ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குப்ளாய் கானின் நலனுக்காக அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்த செய்தி, கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. சினிமாக்காரர்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

தலைமை ஆசிரியர், அரசுப் பள்ளி, தருமபுரி: எங்கள் பள்ளியில் நெட் நின்று நின்றுதான் வரும்.

வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். சீன ஓவியர் சாங் ஸெதுவான் வரைந்த சிங்மிங் ஆற்றங்கரை ஓவியம் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். துண்டு துண்டாக அச்சடித்து ஒட்டினால் ஒரு சுவர் நிறையும். நகர வாசலில் ஒட்டகங்கள், தெருவெல்லாம் கடைகள், பாய்மரம் பாலத்தில் இடிக்கப்போகும் படகு, அதைப் பார்த்துக் கத்தும் கூட்டம். எத்தனை தொழில்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது உங்கள் உத்தரவாகத்தான் இருக்கும், எனவே செலோடேப் போதும்.