சாமுண்டி மலையில ராக்கெட்டு

ஏ பேராண்டி, மைசூருல சின்ன கடியாரத்துக்கிட்ட நின்னு நாலு பேரு கேக்க ஒரு யோசனை சொன்னியாமே? சாமுண்டி மலை உச்சியில ஏவுதளம் வச்சா ஆயிரம் மீட்டர் உசரம் ஓசி, எரிபொருள் மிச்சம்னு? இஸ்ரோக்காரன் இன்னும் ஒன்னைத் தேடி தேவராஜ மொஹல்லாவுக்கு வரலையா? வழி தெரியாம நிப்பான், பாவம்.

உசரமாடா பிரச்னை? நானூறு கிலோமீட்டர் மேல போனாலும் பூமியோட இழுப்பு பத்துல ஒம்போது பங்கு அப்படியே இருக்கு. அங்க கீழ விழாம சுத்தணும்னா பக்கவாட்டுல நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல ஓடணும். செலவுல பெரும்பங்கு அந்த ஓட்டத்துக்குத்தான். ஒன் மலை அதுல எந்த மூலைக்கு?

ஓட எரிபொருள் வேணும். அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள். மார்க்கெட்ல ரசபாளே வாழைத்தாரு சுமக்க வந்தவன் ஒரு வருசக் கட்டுச்சோத்தையும் தலையில ஏத்திக்கிட்டா, சோத்தைச் சுமக்கவே சோறு திங்கணும்லா, அந்தக் கததான். 2023 ஜூலை 14ல சந்திரயான்-3 கெளம்பயில ராக்கெட்டோட மொத்த எடை 640 டன். அதுல சந்திரயான் 3,900 கிலோ. அதுலயும் பாதிக்கு மேல எரிபொருள். கடைசியில நிலா மண்ணுல உருண்டது 26 கிலோ வண்டி.

பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவோட ராக்கெட்டுக்கு இந்தத் தொல்லையே இல்ல. வெள்ளைக்காரன் தலை வரைக்கும் போனாப் போதும்.

எடம்னா நம்ம குலசேகரப்பட்டினம்டா. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கெழக்க விட்டா பூமி சுத்துற வேகமும் சேந்து தள்ளும், சரி. துருவப் பாதைக்குத் தெக்க விடணும்னா குறுக்க இலங்கை. சுத்தி வளைச்சுத்தான் போகணும். ஓடுற ராக்கெட்டைத் திருப்புறது லேசுப்பட்ட செலவில்ல. பெருசு தாங்கிக்கிடும். 120 டன் எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி சின்னது என்ன செய்யும்? கொண்டுபோற செயற்கைக்கோளோட எடையில கைவைக்கணும். குலசையில தெக்க பாத்தா வெறுங்கடல். அதான் 2024 பிப்ரவரி 28ல அங்க ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. தசராவுல மைசூருக்கும் குலசைக்கும் ஏற்கெனவே போட்டி. இனி மைசூருக்காரன் யானை விடட்டும், நாங்க ராக்கெட்டு விடுதோம்.

இன்னொண்ணையும் கேட்டுக்க. மலையில இருந்து கெழக்க விட்டா காலி டப்பா கடல்ல விழாது, ஊருல விழும். சந்திரயானைத் தூக்குன ராக்கெட்டுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பூஸ்டர் இருந்துச்சே, எரிஞ்சு தீந்த பெறகும் ஒவ்வொண்ணும் முப்பது டன்னு. ஆமா, ஒன் மாமனார் வீடு சேலந்தானே? அதை யோசிச்சுத்தான் எடம் பாத்தியோ?