உள்ளங்கை ஹீட்டருக்கு நன்றி

அனுப்புநர்: கிளை அலுவலக ஊழியர்கள், உதகமண்டலம்.

பெறுநர்: உயர்திரு கொள்முதல் பிரிவு மேலாளர், தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஹீட்டர் ஒன்று வரப்பெற்றமை – நன்றி – மேல் ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

தாங்கள் அனுப்பிய ஹீட்டர் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. செல்போன் சார்ஜர் என்று நினைத்து இரவுக் காவலர் எடுத்துப் போய்விட்டார். விளக்கம் சொல்லி மீட்டுவிட்டோம். 400 வாட், சுவர் பிளக்கிலேயே செருகலாம், மின்சிக்கனம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சிக்கனம் உண்மைதான். இப்படிப்பட்ட ஹீட்டர் எதுவானாலும் வாங்குகிற மின்சாரத்தைத்தான் சூடாகத் தரும். காசுக்கேற்ற தோசை, வாட்டுக்கேற்ற சூடு.

எங்கள் கூடம் 300 சதுர அடி, வெள்ளைக்காரர் காலத்து உயரக் கூரை. சதுர அடிக்குப் பத்து வாட் என்பது தோராயக் கணக்கு. அதன்படி இதே ஹீட்டர் ஏழரை வேண்டும். (ஏழரை என்பது கணக்கில் வந்த எண், தங்களைக் குறிப்பதல்ல.) 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, இதன் முன்னால் முறைவைத்து ஆளுக்கொரு கையை நீட்டுகிறோம். இடது கைக்கு மதியம்.

காகிதத்திலிருந்து மூன்றடி தள்ளி வைக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது என்று தாங்கள் விதித்திருப்பது மிகச் சரி. இந்த அலுவலகத்தில் மூன்றடிக்குக் காகிதம் இல்லாத இடம் கழிவறை மட்டுமே. அங்கே பிளக் இல்லை.

2000 வாட் ஆயில் ஹீட்டர் கேட்டோம். அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், இந்தக் கிளையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக் என்று மறுத்தீர்கள். நியாயம், பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக் கேட்டு மின்பிரிவுக்கு எழுதினோம். ஹீட்டர் வந்தபின் விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. கரியடுப்பு மூட்டலாம் என்றவர்களை நாங்களே தடுத்துவிட்டோம். மூடிய அறையில் அந்தப் புகை ஆளையே முடித்துவிடும். அப்புறம் இரங்கல் தீர்மானத்துக்கும் தங்கள் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஆகவே பிளக்கே தேவைப்படாத ஒரு மாற்று வழியைப் பணிந்து முன்வைக்கிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் தரும். இங்கே ஐந்து பணியிடங்கள் நெடுநாளாகக் காலி. அவற்றை நிரப்பினால் தங்கள் ஹீட்டரைவிட 100 வாட் கூடுதல். உபரியாகக் கொஞ்சம் வேலையும் நடக்கலாம்.

இப்படிக்கு,
கிளை ஊழியர்கள்
(கையொப்பங்கள் நடுங்கியிருப்பதைப் பொறுத்தருளவும்.)